இடைவெளி இல்லாத தண்டவாளம்

எங்கள் ஊர் ஸ்டேஷனுக்குப் பின்னால் கிடந்த முன்னூறு மீட்டர் பழைய தண்டவாளத்துக்காக நான் சண்டை போடாத ஆள் கிடையாது. வீட்டுக்காரரோடு போட்டேன். எதிர்வீட்டு மதினியோடு போட்டேன். தண்டவாளத்தில் கயிற்றைச் சுற்றி மாடு கட்டியவரோடு நடுரோட்டில் நின்று போட்டேன். ரயில்வே அதிகாரியோடும் போட்டிருப்பேன்; அதற்குள் தப்பு என் வீட்டு வாசலிலேயே வந்து நின்றுவிட்டது.

அறந்தாங்கிப் பக்கம் அகலப் பாதை போட்டபோது மீட்டர் கேஜ் லைன் முழுவதையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். குட்ஸ் ஷெட்டுக்குப் பிரிந்துபோன ஒரு துண்டு மட்டும் சீமைக்கருவேலம் புதருக்குள் கிடந்து தப்பித்தது. நான் ஸ்டேஷன் ரோட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். அந்தப் பழைய ரயிலில் ஒருநாள்கூட ஏறியதில்லை. எங்கள் வீட்டில் எங்கே போனாலும் பஸ்தான். ஆகவே "அந்தக் காலத்துல..." என்று பெருமூச்சு விட என்னிடம் சரக்கு ஒன்றும் இல்லை.

பின்னே எப்படி மாட்டினேன் என்றால், எல்லாம் பக்கத்து வெல்டிங் பட்டறை அண்ணனால்தான். பழைய இரும்போடு இரும்பாக ஒரு தள்ளு டிராலியை வாங்கி வந்திருந்தார். நாலு இரும்புச் சக்கரம், மேலே பலகை, பலகை மேல் ஒரு பெஞ்சு. முன்பெல்லாம் ரயில்வே அதிகாரி அதில் உட்கார்ந்து கொள்ள, இரண்டு ஆட்கள் தண்டவாளத்தின் மேலேயே ஓடி ஓடித் தள்ளுவார்களாம். அதை உடைக்க மனசில்லாமல், புதரில் பத்தடி வெட்டிச் சுத்தம் பண்ணி, தண்டவாளத்தின் மேல் தூக்கி வைத்தார். "ஆத்தா, ஒரு விரலால தள்ளு பாப்போம்" என்றார். தள்ளினேன். அடேயப்பா! மூன்று பேர் முக்கித் தூக்கி வைத்த வண்டி என் ஆள்காட்டி விரலுக்கு நகர்ந்து போனது. எனக்குப் பைத்தியம் பிடித்தது அன்றைக்குத்தான்.

இரண்டு பேர் எட்டுப் பேர் ஆனோம். வேலையில் இறங்கிய பிறகுதான் அந்தத் துண்டும் ஏலப் பட்டியலில் இருக்கிறது, வெட்டி எடுத்துக்கொண்டு போகப் போகிறார்கள் என்று தெரிந்தது. மனு எழுதிக்கொண்டு ஓடினோம். அதிகாரி தங்கமான மனிதர்தான், ஆனால் பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. "சித்திரையில ஒரு ஞாயித்துக்கிழமை வாரேன். டிராலி இந்தக் கடைசில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் தடம் புரளாமப் போகணும். போச்சுன்னா லிஸ்ட்ல இருந்து எடுத்துடறேன், நீங்களே வச்சுப் பராமரிங்க. போகலேன்னா மறுநாள் லாரி வரும்" என்றார். அவ்வளவுதான் ஒப்பந்தம். முன்னூறு மீட்டர் ஓட வேண்டும், இல்லாவிட்டால் முன்னூறு மீட்டரும் போய்விடும்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் பதினோரு மணி வரை வேலை. கருவேலம் முள் கையைக் கிழித்தது. துருப்பிடித்த போல்ட்டுகளை முந்தின நாளே மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்துக் கழற்றினோம். தண்டவாளத்துக்கு அடியில் மக்கிப்போன கட்டைகளை எடுத்துவிட்டு வேறு கட்டை போட்டோம். எதிர்வீட்டு மதினி தன் வாசலில் நின்றுகொண்டு வாராவாரம் ஒரு வாழ்த்துச் சொல்வார். "என்னடி, தையக்கடைய மூடிட்டுத் தண்டவாளம் தைக்கிறியா? இதுல ஏறிக் காசிக்கா போகப் போற?" உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லிவிட்டுத்தான் கடப்பாரையை எடுப்பேன்.

எங்கள் எட்டுப் பேரில் வேலை தெரிந்தவள் ஒருத்திதான். திருவரங்குளத்துப் பக்கத்துப் பெண், ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கிற வேலை. முப்பது வயதுக்காரி. வாரம் முழுவதும் வெயிலில் அதே வேலை செய்துவிட்டு, லீவு நாளில் எங்களுக்கும் சும்மா வந்து செய்வாள். அவளுக்கும் எனக்கும் மார்கழியில் ஒரு தகராறு வந்தது.

ஒரு தண்டவாளம் முடிந்து அடுத்தது தொடங்குகிற இடத்தில் அவள் இரும்புத் தகட்டை நடுவில் செருகி, இடைவெளி விட்டே போல்ட் போடுவாள். எனக்கு அது பொறுக்கவில்லை. தையல்காரி நான், இரண்டு துண்டை இணைத்த இடத்தில் பிளவு தெரிந்தால் வாங்குகிறவர்கள் முகத்தில் விட்டெறிவார்கள்.

"ஏம்மா, பல்லு போன வாயாட்டம் இருக்கே, சேத்து வச்சா என்ன?" என்று கேட்டேன்.

"அக்கா, கேப் விடணும்க்கா. வெயில்ல இரும்பு நீளும். நீள எடம் வேணும்ல" என்றாள்.

"இந்தப் பனில எங்கிட்டு நீளுது? எனக்குத் தெரியாதா!"

"தெரிஞ்சா சரிதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த தகட்டைச் செருகினாள். எனக்கு வந்ததே கோபம்!

தை பிறந்ததும் அவளை வேறு ஊர் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். இனி அதிகாரியோடு சித்திரையில்தான் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த ஞாயிறே நான் தகடுகளை எடுக்கச் சொன்னேன். கட்டையில் ஆணியைக் கடைசியாக இறுக்காத நேரம் அது. கடப்பாரை போட்டு நெம்பினால் தண்டவாளம் நகர்ந்தது. வெல்டிங் அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"ஏன் ஆத்தா, அந்தப் புள்ள ஏதோ காரணமாத்தானே சொல்லிச்சு?"

"அண்ணே, நெசமா ஓடுற ரயிலா இது? தள்ளுற வண்டி. நான் சொல்றேன், சேருங்க."

என் சத்தத்துக்குப் பயந்து சேர்த்துவிட்டார்கள். இரண்டு வாரத்தில் அத்தனை இணைப்பும் முட்டிக்கொண்டு நின்றன. கையால் தடவிப் பார்த்தால் நகம்கூடத் தட்டவில்லை. என் பெருமையை நானே மெச்சிக்கொண்டேன்.

சித்திரை ஞாயிறு வந்தது. அதிகாரி ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். நாங்கள் ஐந்தரைக்கே கூடிவிட்டோம். டிராலிக்குச் சந்தனம், குங்குமம், மாலை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். முதல் தள்ளில் வண்டி பழத்தின் மேல் ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டது. இன்னும் இரண்டு பேர் தோள் கொடுத்ததும் நசுக்கிக்கொண்டு கிளம்பியது பாருங்கள், வழுக்கிக்கொண்டு போனது! கடைசி வரை போய்த் திரும்பி வந்தது. நாங்கள் போட்ட கூச்சலில் ஸ்டேஷனில் படுத்திருந்த நாய்கள் எழுந்து ஓடின. வெல்டிங் அண்ணன் என் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார். நானும் சிரித்தேன்.

ஒன்பது மணி ஆயிற்று. அதிகாரி வரவில்லை. பத்து, பதினொன்று. போன் போட்டால், வழியில் இன்னொரு வேலை, வந்துகொண்டிருக்கிறேன் என்றார். வெயில் ஏறிக்கொண்டே போனது. ஜல்லியில் கால் வைக்க முடியவில்லை. நாங்கள் குட்ஸ் ஷெட் நிழலில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டு, அதிகாரிக்கு மாலை போடுவதா சால்வை போடுவதா என்று வாக்குவாதம் செய்துகொண்டிருந்தோம். தண்டவாளத்தை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒன்றரை மணிக்கு ஜீப் வந்தது. அதிகாரிக்குப் பின்னால் எங்கள் திருவரங்குளத்துப் பெண்ணும் இறங்கினாள். அவள் எங்களைப் பார்த்துச் சிரித்தாள், அப்படியே தண்டவாளத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

நானும் எழுந்து பார்த்தேன். பாதி தூரத்தில், நேராக இருந்த பாதை வாய்க்கால் மாதிரி ஒரு பக்கம் நெளிந்து கிடந்தது. கட்டைகளையும் ஜல்லியையும் இழுத்துக்கொண்டு முக்கால் அடிக்குக் குறையாமல் விலகியிருந்தது. காலையில் நேராக இருந்த பாதை!

அவள் குனிந்து ஒரு இணைப்பைப் பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள். அதற்கும் அடுத்ததை. "கேப்பே இல்லையே சார்" என்றாள் மெதுவாக. பிறகு எங்களைப் பார்த்து, "யாரு தகட்ட எடுத்தது?" என்று கேட்டாள்.

மற்ற ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தர்கூட என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். அன்றைக்கு ஊரையே அல்லவா சுட்டது.

"தப்பு என் மேலதான் சார். நான்தான் எடுக்கச் சொன்னேன். இவங்க வேணாம்னுதான் சொன்னாங்க" என்றேன்.

அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எதுக்கும்மா இப்படிப் பண்ணீங்க?"

"அழகா இருக்கும்னு, சார்."

அவருக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. கையில் இருந்த பட்டியலை மடித்தார், விரித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் பொங்கிவிட்டது. ஐந்து மாத ஞாயிற்றுக்கிழமைகளை, எட்டுப் பேரின் உழைப்பை என் வறட்டுப் பிடிவாதம் லாரியில் ஏற்றிவிட்டதே என்று அங்கேயே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

"சார், தண்ணி ஊத்திக் குளிர வச்சா சுருங்கும். போல்ட்டத் தளத்திட்டு, நெளிஞ்சத நெம்பி உள்ள தள்ளிரலாம். ஆனா நெறையத் தண்ணி வேணும்" என்றாள் அந்தப் பெண்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணி வரைக்கும் இருப்பேன்."

தண்ணீருக்கு எங்கே போவது? ஸ்டேஷன் குழாயில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அப்போது பின்னாலிருந்து ஒரு அதட்டல். "அழுகுறதுக்கு நேரமாடி இது? நான் மோட்டாரப் போடுறேன், குடத்தத் தூக்கு!" திரும்பினால் எதிர்வீட்டு மதினி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்கிறார்.

அவர் வீட்டு போர் தண்ணீர் ஓஸில் பாய்ந்தது. ஓஸ் எட்டாத இடத்துக்குக் குடம். ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால் நாலு வீட்டுக் கதவு திறந்தது. மஞ்சள் குடம், பச்சைக் குடம், பித்தளைக் குடம். பால்குடம் எடுக்கிற கூட்டம்போலத் தெருவே இறங்கி வந்தது. நெளிந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் வெகுதூரத்துக்குத் தண்டவாளத்தின் மேல் சாக்கை விரித்து ஊற்றினோம். ஊற்ற ஊற்றக் காய்ந்தது. "நிறுத்தாதீங்க! ஊத்துங்க! ஊத்திக்கிட்டே இருங்க!" என்று அந்தப் பெண் ஓடி ஓடிக் கத்தினாள். ஆண்கள் போல்ட்டுகளைத் தளர்த்தினார்கள். நான் எத்தனை நடை நடந்தேன் என்று கணக்கில்லை. அழுகை நின்று போய், எனக்கு ஒரு வெறி வந்துவிட்டது. "வாங்க, வாங்க, சீக்கிரம் வாங்க" என்று எல்லாரையும் விரட்டினேன். என்னை யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் "அக்கா, இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். ஒரு இணைப்பைக் காட்டினாள். முட்டிக்கொண்டிருந்த இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் மயிரிழை விட்டிருந்தது. இன்னொரு குடம் ஊற்றியதும் கொஞ்சம் அகன்றது. என் கண்ணால் பார்த்தேன்! இரும்பு சுருங்குவதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்!

"இப்ப நெம்புங்க!" என்றாள். ஆறு கடப்பாரை ஒரே நேரத்தில் கட்டைக்கு அடியில் இறங்கியது. "ஒண்ணு, ரெண்டு, தள்ளு!" பாதை அசைந்தது. அவள் தரையோடு தரையாகப் படுத்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாள். "அங்கிட்டு ரெண்டு வெரக்கடை... இன்னும்... போதும் போதும்!" அப்படியே விரல் விரலாக நேருக்கு வந்தது. ஜல்லியை வாரிப் போட்டு மிதித்தோம்.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. டிராலியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். யார் ஏறுவது என்று ஒருவரை ஒருவர் பார்த்தோம். "அக்கா, நீங்க ஏறுங்க" என்றாள் அந்தப் பெண். "கோணலா இருந்தா மொதல்ல நீங்கதான் விழணும்."

நியாயம்தானே! ஏறி உட்கார்ந்தேன். அவளும் வெல்டிங் அண்ணனும் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். காற்று முகத்தில் அடித்தது. நெளிந்த இடம் வந்ததும் பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சக்கரம் ஒருமுறை கிறீச்சிட்டது. வண்டி ஆடியது. போனது! தாண்டிப் போயே விட்டது! நான் போட்ட கத்தலில் எனக்கே காது அடைத்துக்கொண்டது. கடைசி முட்டுக் கல்லில் போய் நின்றபோது தொண்டையில் குரல் இல்லை.

அதிகாரி வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தார். ஜீப் சாவியைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு, பட்டியலைப் பெஞ்சின் மேல், என் பக்கத்தில் வைத்து, பேனாவால் ஒரு வரியை அடித்தார். "எல்லா ஜாயிண்ட்டையும் கேப் விட்டு மறுபடி போடணும். இந்தப் பொண்ணு சொல்ற மாதிரி மட்டும்" என்றார். நான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன். "மன்னிச்சுக்க தாயி" என்றேன். "மொதல்ல எறங்குங்கக்கா" என்றாள் அவள்.

எதற்கு இறங்கச் சொல்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். மதினி முன்னால் நிற்க, அவர் பின்னால் நனைந்த சேலையும் இடுப்பில் காலிக் குடமுமாகத் தெருப் பெண்கள் அத்தனை பேரும் ஏறுவதற்கு வரிசை கட்டி நின்றார்கள். நான் இறங்கி, தள்ளப் போனேன்.