தறிக்குழியில் ஒன்பது பாட்டில்

எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பாவின் தறி இருந்த இடத்தில் அவர் காலை உள்ளே விட்டு நெய்த குழி மட்டும் மிச்சம். அவர் படுக்கையில் கிடந்தபோதே தறியை விற்றாயிற்று. குழியை விற்க முடியாது, அதனால் இருந்தது. மேலே பலகை போட்டு மூடி அம்மா அதன் மேல் அரிசி மூட்டையை வைத்திருந்தாள். பட்டு இழை அறாமல் இருக்க ஈரம் வேண்டும் என்று ஆழமாகத் தோண்டிய குழி. சித்திரை வெயிலிலும் உள்ளே கைவிட்டால் சில்லென்று இருக்கும். இரண்டாயிரத்து நான்கோ ஐந்தோ, ஒரு கோடையில் அந்த மூட்டையை நகர்த்தி, பலகையைத் தூக்கி, ஒன்பது பாட்டில் வெள்ளை ஒயினை உள்ளே படுக்க வைத்து ஈரச்சாக்கால் மூடினேன். அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெங்களூரில் ஒரு பெரிய ஹோட்டலில் அப்போது எனக்கு வேலை. கேட்டரிங் டிப்ளமா படித்தவன் என்று சொல்லிக்கொள்ளலாம். செய்தது என்னவோ மூன்று வருடமாக அங்கே கல்யாண ஹாலில் எச்சில் தட்டு சுமந்ததுதான். ஹோட்டலைப் புதுப்பிக்க நாற்பது நாள் மூடினார்கள். திறக்கும்போது ஒயினுக்கென்று தனிப் பிரிவு வரும், உங்களில் ஒருவனை அதற்கு எடுப்போம் என்றார்கள். ஒரே ஒருவன். அதற்கு ஒரு பரீட்சை. பெயர் மறைத்த ஆறு கிளாஸ் வெள்ளை ஒயினை ருசித்து எது எந்தத் திராட்சை, எது நல்லது, எதில் கோளாறு என்று எழுத வேண்டும். எனக்கு இருபத்தாறு வயது. இதைவிட்டால் தட்டு தூக்கியே கிழவனாவேன் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. இந்தப் பிறவியில் எனக்கு வேறு கதவு திறக்கப் போவதில்லை என்றே நம்பினேன்.

எங்கள் மேனேஜர் வேலூர்ப் பக்கத்துக்காரர், எனக்கு ஆரணி. ஊர்ப்பாசத்தில் ஒரு வரவேற்பில் மீந்துபோன ஒன்பது பாட்டிலை எனக்குக் கொடுத்தார். மூன்று வகை, வகைக்கு மூன்று. சாவிஞான் பிளாங்க், ஷெனின் பிளாங்க், ஷார்டொனே. மூன்றும் வெவ்வேறு திராட்சையின் பெயர்கள். "தெனம் கொஞ்சமா வாயில வெச்சுப் பழகு. முழுங்காத, துப்பிடு. குடிச்சின்னா நாக்கு மரத்துப் பூடும்" என்றார். அதுவரை நான் ஒயினை ருசித்தது ஒரே தடவை, பயிற்சி வகுப்பில், ஆளுக்கொரு மிடறு. புளித்தது என்பதைத் தவிர எதுவும் ஞாபகமில்லை.

இதையெல்லாம் அம்மாவிடம் எப்படிச் சொல்வது? தொண்ணூறுகளில் எங்கள் ஆரணியில் பிராந்திக்கடைக்குப் பெயர் ஒயின்ஸ். பெயர்ப்பலகையைத் தவிர அந்தக் கடையில் வேறெங்கும் ஒயின் கிடையாது. அப்பா நல்ல நெசவுக்காரர் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் பார்த்தவரை அவர் நெய்ததைவிட அந்தக் கடையில் நின்றதுதான் அதிகம். ஈரல் வெந்து, வயிறு வீங்கி, நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது செத்துப்போனார். அதன் பிறகு அம்மா மற்றவர்களின் தறிக்கு ஊடை நூலைத் தாராகச் சுற்றிக் கொடுத்து என்னைப் படிக்க வைத்தாள். ராட்டினத்தைச் சுற்றிச் சுற்றி அவளுடைய வலது தோள் ஒருபக்கமாக இறங்கியே போயிருந்தது.

"இதுவும் ஒயின்ஸ் தான?" என்று கேட்டாள், சாயங்காலம்.

"இது வேறம்மா. இத குடிக்க மாட்டாங்க. ருசி பார்த்துட்டுத் துப்பிடுவாங்க."

"துப்பறதுக்கு எதுக்குடா வாயில ஊத்திக்கினு?"

இரண்டு நாள் அவள் சோற்றைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு ராட்டினத்துக்குப் போய்விடுவாள். மூன்றாம் நாள் அவளே வந்தாள்.

"சரி, நானே ஊத்தித் தரேன். நீ அந்தப் பாட்டில தொடக்கூடாது. சம்மதமா?"

அழுகை வந்துவிட்டது எனக்கு. பாட்டில் என்றாலே பயந்து நடுங்குகிறவள், பிள்ளைக்காகப் பாட்டிலைக் கையில் எடுக்கிறேன் என்கிறாள். மேலும் எனக்கு வேண்டியதும் அதுவேதான். எந்த கிளாஸில் எது என்று தெரியாமல் ருசித்தால்தானே பழக்கம்? கார்க்கைத் திருகி எடுப்பது மட்டும் என் வேலை. மற்றதெல்லாம் அவள் பார்த்துக்கொண்டாள். ஆங்கில எழுத்து அவளுக்குத் தெரியாது, அதனால் பாட்டில் கழுத்தில் ஒரு பட்டு நூலைக் கட்டினாள். ஒன்றுக்கு அரக்கு, ஒன்றுக்கு மாம்பழ மஞ்சள், ஒன்றுக்குக் கிளிப்பச்சை. பஜாரில் வாங்கி வந்த டீக்கடை கிளாஸ் மூன்றில், அதே நிற நூல்துண்டை அடியில் போட்டு அதன் மேல் கிளாஸை வைத்துக் கொண்டு வருவாள். நான் ருசித்து, பெயரைச் சொன்ன பிறகு கிளாஸைத் தூக்கிப் பார்த்து, உள்ளே போய்ப் பாட்டிலோடு ஒப்பிடுவோம்.

காலையில் ருசிக்க முடியாது. ரைஸ் மில்லில் நெல் அவிக்கிற வாசனை தெருவையே மூடியிருக்கும். மூன்று மணிக்கு மேல்தான் மூக்குக்கு விடுதலை. ஜன்னலைச் சாத்திவிட்டு உட்காருவேன். ஒரு மாதம் காரம் கிடையாது, ஊறுகாய் கிடையாது, வெறும் மோர்சோறு. மேனேஜர் கொடுத்த கையேட்டில் என்னென்னவோ பழங்களின் வாசனை எழுதியிருந்தது. பாதிப் பழத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. அதனால் நானே பெயர் வைத்துக்கொண்டேன். சாவிஞான் பிளாங்க்கில் அரிநெல்லியும் அப்போதுதான் அறுத்த புல்லும். ஷெனினில் செங்காய்க் கொய்யா. ஷார்டொனேயில் உருக்கிய வெண்ணெய் என்று கையேடு சத்தியம் செய்தது. எனக்கு வரவே இல்லை. எங்கோ தூரத்தில், யார் வீட்டிலோ வெண்ணெய் உருக்குகிற மாதிரி இருக்கிறது என்று எழுதிவைத்தேன்.

முதல் நாள் மூன்றுமே ஒன்றாகத்தான் தெரிந்தது. பத்தாம் நாள் மூன்றில் இரண்டு சரி. அதன் பிறகு பெரும்பாலும் மூன்றும் சரி. நோட்டில் எழுதினேன்: 'புளிப்பு இப்போது தொந்தரவு செய்யவில்லை. நாக்கு பழகிவிட்டது. எல்லாவற்றிலும் ஓரத்தில் மெல்லிய உப்பு தெரிகிறது.' கையேட்டில், நல்ல வெள்ளை ஒயினில் சில நேரம் உப்பின் சாயல் இருக்கும், தேர்ந்த நாக்குக்கே அது பிடிபடும் என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பாட்டில்களும் அவ்வளவாகக் குறையவில்லை. கடைசி மூன்றில் ஒன்றைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. அம்மா கைச்சிக்கனம் என்று நினைத்தேன்.

நான் வாயில் வைத்துக் கொப்பளித்துச் சொம்பில் துப்புகிறவரை அவள் எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்ப்பாள். "எப்டி கீது?" என்பாள். "நல்லா இருக்குமா, இன்னைக்கு ரொம்ப மெதுவா இருக்கு" என்பேன். அவள் முகம் மலரும். என் படிப்பு அவளுக்கும் பிடித்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பரீட்சை ஹோட்டலின் மீட்டிங் அறையில். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். எங்கள் மேனேஜர், தலைமைச் சமையல்காரர், ஒயின் தொழிலிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி. இந்தப் பக்கம் ஆறு கிளாஸ். நான் நிமிர்ந்துதான் உட்கார்ந்தேன். இந்த வேலை எனக்குத்தான் என்று அந்த ஒரு நிமிடம் எனக்குச் சந்தேகமே இல்லை.

முதல் கிளாஸை வாயில் வைத்ததும் தூக்கிவாரிப் போட்டது. பச்சைப் புளியைக் கடித்த மாதிரி பல் கூசியது, தொண்டை காந்தியது. இதில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது இன்னும் மோசம். அரிநெல்லி எங்கே, கொய்யா எங்கே? வெண்ணெய் முகத்திலேயே வந்து அறைந்தது, அது வெண்ணெய் என்று எனக்குத் தெரியவில்லை. உப்பு எதிலும் இல்லை. ஐந்து கிளாஸுக்கும் 'சாராயம் சேர்த்த கலப்படம்' என்று எழுதினேன். ஆறாவதைத் தொட்டதும்தான் உயிர் வந்தது. மெதுவாக, தணிவாக, எனக்குத் தெரிந்த ருசி. ஆறிலும் இதுதான் உயர்ந்தது, இது மட்டும்தான் சுத்தமானது என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "மத்த பாட்டில எல்லாம் யாரோ கை வெச்சிருக்காங்க சார்" என்று வேறு சொன்னேன்.

சமையல்காரர் சிரித்துவிட்டார். அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு எதையோ எழுதினார். அவர் சிரித்திருந்தாலும் தாங்கியிருப்பேன். மேனேஜர் என்னை வெளியே அழைத்து வந்து தோளில் கை போட்டார்.

"ஆறாவது கிளாஸ்ல பாதிக்குப் பாதி தண்ணிப்பா. கண்டுபுடிக்கிறாங்களான்னு பாக்கத்தான் வெச்சது. தண்ணி கலந்தத எவனும் கோட்டை விடமாட்டான். உன்ன நம்பி நான் வேற சிபாரிசு பண்ணிட்டேன்..."

வேலூர் பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் 'தண்ணி, தண்ணி' என்று அந்த ஒரு சொல் மண்டைக்குள் குடைந்தது. ஆரணியில் இறங்கி வீட்டுக்குள் நுழைந்தபோது மதியம் மூன்று மணி இருக்கும். அம்மா ராட்டினத்தில் இருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் மூட்டையை நகர்த்திப் பலகையைத் தூக்கினேன். திறக்காத பாட்டிலைத் திறந்து அப்படியே வாயில் வைத்தேன். பல் கூசியது. தொண்டை காந்தியது. பெங்களூரில் நான் கலப்படம் என்று எழுதிய அதே ருசி.

ராட்டினம் நின்றுவிட்டது.

"தண்ணி ஊத்தினியாமா?"

அவள் மறைக்கவில்லை. "ஊத்தினேன்" என்றாள்.

"எப்பலேர்ந்து?"

"மொத நாள்லேர்ந்தேதான். பாதிக்குப் பாதி. அப்பால நீ ஒண்ணும் கேக்கலையா, கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கினே வந்தேன்."

"என்ன தண்ணி?"

"போர் தண்ணி. இந்தக் கருமத்துக்குப் போயி குடிக்கிற கொடத்துல கை வெப்பனா?"

தேர்ந்த நாக்குக்கே பிடிபடுகிற உப்பு. ஒரு மாதமாக நான் நோட்டில் எழுதிப் பெருமைப்பட்டது எங்கள் கொல்லைப்புறத்து போர் தண்ணீர். துணி துவைக்கிற தண்ணீர். கத்த வேண்டும் போலிருந்தது. பாட்டிலைச் சுவரில் அடிக்க வேண்டும் போலிருந்தது. பாட்டிலோடு கை பாதி உயர்ந்துவிட்டது. அப்போது அம்மா செய்ததைப் பார்த்துத்தான் நின்றேன். உட்கார்ந்த இடத்திலேயே முகத்தைத் திருப்பி, இறங்கிய அந்தத் தோளைத் தூக்கிக் காதை மூடிக்கொண்டாள். யோசித்துச் செய்ததல்ல. உடம்பு தானாகச் செய்தது.

பாட்டிலைக் கீழே வைத்தேன். வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அவள் தோளை இறக்கவில்லை. பிறகுதான் பேசினாள்.

"உங்கப்பாவுக்கும் ஊத்திப் பார்த்தேன்டா. எத்தினியோ தடவ. வாயில வெச்ச ஒடனே தெரிஞ்சிடும் அவருக்கு. ஒரு சொட்டு ஊத்தினாலும் தெரிஞ்சிடும். கிளாஸோட மூஞ்சில அடிப்பாரு. நீ குடிக்கிறப்பல்லாம் ஒன் மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தேன். இப்ப கேப்பான், நாளைக்குக் கேப்பான்னு. ஒரு மாசம். ஒருநாள்கூட நீ கேக்கல."

எழுந்து வந்து என் தலையைத் தடவினாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் முகத்தில் சிரிப்பு. அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அப்பதாண்டா எனக்கு உசுரே வந்துச்சி. இவனுக்கு அந்த நாக்கு இல்லன்னு."

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மூன்று பேர் என்னைப் பற்றி எழுதியதும் அதையேதான். அவர்கள் எழுதியபோது அழாதவன், அம்மா சொன்னதும் குழியோரத்தில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.