எல்லாக் கேக்கிலும் சிலுவை

மார்கழி மழை விட்டும் விடாமலும் தூறும். வாவியிலிருந்து வரும் ஈரக்காற்று எங்கள் பேக்கரி வாசலில் போறணைச் சூடு பட்டதும் தயங்கி நிற்கும். உள்ளே கறுவா, ஏலம், கருக்கிய சீனி, பன்னீர்... எல்லாம் கலந்த ஒரு வாசம்.

நான் அப்போது ஏ.எல். எழுதிவிட்டு, ரிசல்ட் வரும்வரை கடையில் பாண் விற்றுக்கொண்டிருந்தேன். பாதி நேரம் விற்றேன், பாதி நேரம் கனவு கண்டேன்.

போறணை தெரியாத நண்பர்களுக்கு... பாண் சுடும் பெரிய செங்கல் அடுப்பு அது. கரடியனாற்றுப் பக்கமிருந்து ட்ராக்டரில் விறகு வரும். விடியற்காலைப் பாண் வெளியே வந்த பிறகும் மத்தியானம் வரை அதற்குள் சூடு கிடக்கும். நத்தார் வாரத்தில், கிறிஸ்மஸைத்தான் சொல்கிறேன், அந்தச் சூடு எங்கள் தெருவுக்குச் சொந்தம்.

வீடுகளில் மின்சார அடுப்பெல்லாம் இல்லாத காலம். பெண்கள் கேக்கைக் குழைத்து ட்ரேயில் ஊற்றி, மேலே துணி மூடி, குடை பிடித்து எடுத்து வருவார்கள். கிறிஸ்தவர்கள் நிறைந்த அந்தத் தெருவில் நாங்கள் சைவக்காரர். நெற்றி நிறையத் திருநீறோடு அப்பா போறணைக்குள் ஒரு சிட்டிகை மாவை வீசுவார். அது சிவக்கும் வேகத்தைப் பார்த்து, "இப்ப வெய்க்கலாம்" என்பார். கூலி என்று யாராவது வாயெடுத்தால் முறைப்பார்.

அந்த வருடம் அப்பாவுக்கு ஒரு நல்லெண்ணம் வந்தது. அங்கேதான் வினையே! வீட்டு ட்ரேக்கள் நெளிந்து ஒழுகுகின்றன என்று, கடையின் புது ட்ரேக்களையே வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார். கூடவே ஒரு பிடி கஜு, முந்திரிப் பருப்பு. "பேர் எழுதின கடுதாசி எரிஞ்சி போகும். கஜுவால மேல ஒரு அடையாளம் வெச்சிக் கொண்டு வாங்க" என்றார்.

வைத்தார்கள். அடையாளம் என்றதும் ஒரு வீடு தப்பாமல் எல்லோரும் வைத்தது சிலுவை.

அப்பா அதைக் கவனிக்கவே இல்லை. நீளத் துடுப்பால் சூட்டுக்குத் தக்கபடி இங்கும் அங்கும் மாற்றி மாற்றி வைத்தார். வெளியே எடுத்து வரிசையாக அடுக்கிய பிறகுதான் எல்லோரும் கவனித்தோம். ஒரே ட்ரே, ஒரே கறுப்பு, ஒரே சிலுவை...

"ஐயோ ஆண்டவரே, இதில எது என்ட கேக்கு?" என்று ரெஜினா அக்கா தலையில் கை வைத்தார்.

அவருக்கு அது வெறும் நத்தார் கேக் இல்லை. நத்தார் முடிந்த கையோடு மகளுக்குக் கலியாணம். வெளிநாட்டிலிருந்து அவருடைய தம்பி அனுப்பிய பிளம்ஸை மாதக்கணக்கில் ஊறவைத்துச் செய்த கலியாணக் கேக். மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுக்க வேண்டியது.

"ஒவ்வொண்டிலயும் ஒரு மூலைய வெட்டிப் பாப்பம். என்ட கையால செஞ்சது எனக்குத் தெரியாதா?" என்று கத்தியை எடுத்தார்.

எல்லோரும் தலையாட்டினார்கள், பிலோமினா அக்காவைத் தவிர. அவருடைய முகம் வெளிறிவிட்டது. அந்த மாரி வெள்ளத்தில் அவர் புருஷனின் வலைகள் அள்ளுண்டு போயிருந்தன. பிள்ளைகள் கேட்கிறார்களே என்று, முதல்நாள் பின்வாசலால் வந்து அம்மாவிடம் காய்ந்த பாண் தூள் வாங்கிப் போனார். அந்தத் தூளும் கருக்கிய சீனியும்தான் அவருடைய கேக். வெட்டினால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

அம்மா விறுவிறுவென்று வந்து ரெஜினா அக்காவின் கையிலிருந்து கத்தியை வாங்கினார்.

"வெட்டாத கா."

"என்ன கதைக்கிற நீ? என்ட புள்ளட கலியாணக் கேக்கு!"

"தெரியும் கா. வேணாம்."

அவ்வளவுதான் சொன்னார். ரெஜினா அக்கா அம்மாவைப் பார்த்தார். பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்ற பிலோமினா அக்காவிடம் அவர் கண் சற்று நின்றது.

"சரி, விடுங்க" என்று திடீரெனச் சிரித்தார். "எல்லாத்தயும் நம்மட வீட்ட கொண்டு வாங்க. ஒண்டாக் குவிச்சி வெட்டுவம். கலியாணத்துக்கு எல்லார்ட கேக்கும் போகட்டும். மிச்சத்த வீட்டு வீட்டுக்குப் பங்கு வெய்ப்பம்."

அப்படியே நடந்தது. கலியாணத்தன்று மாப்பிள்ளையின் மாமா ஒருவர், "இதென்ன புதினம்! ஒரு துண்டில பிளம்ஸ் குவிஞ்சி கிடக்கு, மத்தத் துண்டில தேடினாலும் இல்ல" என்றார். எங்கள் தெருக்காரர் எல்லோரும் முகட்டைப் பார்த்தோம். தட்டு நிறையக் கேக்கோடு வந்த பிலோமினா அக்கா, "அப்ப இன்னொண்டு எடுங்க" என்று நீட்டினார். எவ்வளவு அழகாக இருந்தார் தெரியுமா அன்றைக்கு...

இப்போது கடை என் தம்பியின் கையில். மின்சார அடுப்பு, கண்ணாடிப் பெட்டி, போனில் ஆர்டர். குறை சொல்லக்கூடாது, அப்பாவைவிட அதிகமாகவே ஊருக்குக் கொடுக்கிறான். போன மார்கழி வெள்ளத்திலும் கஷ்டப்பட்ட குடும்பங்களுக்கு உலருணவுப் பொதி கொடுத்தான். நானும் நின்றேன். பொதியை நீட்டும்போது கடையின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட ஒரு போட்டோ. வரிசையில் வந்த ஒரு பெண், கேமராவைக் கண்டதும் சேலைத் தலைப்பால் முகத்தை மூடினாள்.

"போட்டோ வேணாம்டா" என்றேன்.

"போட்டோ போடாட்டி நாம குடுத்தது ஆருக்கு அக்கா தெரியும்?"

"ஆருக்கும் தெரியப்படாது எண்டுதான்டா அம்மா அண்டைக்கு அந்தக் கத்திய வாங்கினா."

அவன் அப்போது சின்னவன், கேக் தின்றது மட்டும்தான் அவனுக்கு நினைவு. போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

அந்தப் பெண் பொதியை வாங்கிக்கொண்டு வாசல் தாண்டிப் போகும்வரை முகத்திலிருந்து தலைப்பை எடுக்கவில்லை.