யாரும் சாகாத கடிதக் கட்டு

கருமத்தம்பட்டி நாச்சிமுத்து அண்ணன் காலமான செய்தி எனக்குத் தபாலில்தான் வந்தது. நான்கு பக்கமும் கறுப்புக் கரையிட்ட கருமாதிப் பத்திரிகை. எங்கள் ஆவணக் காப்பகத்துக்கு எந்தத் தபால் வந்தாலும் முதலில் புரட்டி அஞ்சல் முத்திரையைப் பார்ப்பது என் பழக்கம். அன்றும் அப்படித்தான் பார்த்தேன். முத்திரை தெளிவாக விழுந்திருந்தது. விலாசம் அவருடைய மகன் கையெழுத்து. அதற்குப் பிறகுதான் உள்ளே அச்சிட்டிருந்ததைப் படித்தேன். மனுசன் போய்விட்டார் என்பது மனதில் ஏறுவதற்குள், வரும் தபாலைப் பதிவேட்டில் ஏற்றும் ரங்கசாமி வந்து நின்றார். "இதுக்கும் சீல் குத்தறதுங்களா சார்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். இருக்கட்டும் என்றேன். இதை எழுதத் தொடங்கும்போதும் அந்த அட்டை என் மேசைமேல்தான் கிடக்கிறது.

உங்களில் பலருக்கு அவரை விசைத்தறிக்காரராகத் தெரியும். இலக்கியக் கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு மேடைக்குக் கேட்கிற மாதிரி பேசுகிறவர் என்றும் தெரியும். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய தொண்டை. "ரகசியமுங்க" என்று அவர் ஆரம்பித்தால் பஸ் ஸ்டாண்டில் நிற்பவன் திரும்பிப் பார்ப்பான். எனக்கு அவரைத் தெரிந்தது வேறு வழியில். நாவலாசிரியர் மாரப்பன் வால்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் குமாஸ்தாவாக இருந்தவர். மலைமேலிருந்து அவர் ஆயுள் முழுக்க மனம்விட்டுக் கடிதம் எழுதியது நாச்சிமுத்து அண்ணன் ஒருவருக்குத்தான். அந்தக் கடிதங்கள்தாம் இன்று எங்கள் காப்பகத்தின் பெரிய சொத்து. அவற்றைக் கொண்டுவந்து கொடுத்தவரை நான் கடைசிவரை முழுசாக நம்பியதில்லை. அஞ்சலிக் கட்டுரையில் இப்படியா எழுதுவது என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். அவர் இருந்திருந்தால், "உள்ளதுதானுங்களே தம்பி, எழுதிப்போடுங்க" என்றிருப்பார்.

மாரப்பன் இறந்த மறு வருடம் அவர் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். கையில் நூல் கோன் வரும் அட்டைப்பெட்டி. அதற்குள் கடிதங்களைத் தறிப் பாவு நூலால் கட்டுக் கட்டாகக் கட்டி வைத்திருந்தார். காப்பகக்காரன் கேட்க வேண்டிய முதல் கேள்வியைக் கேட்டேன். "எல்லாம் இருக்குதுங்களாண்ணா?" அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இருக்கறதெல்லாம் இருக்குதுங்க" என்றார். எனக்கு உடனே காது விடைத்துக்கொண்டது. எல்லாம் இருக்கிறது என்பதும், இருக்கிறதெல்லாம் இருக்கிறது என்பதும் ஒன்றா? முப்பது வருடத்துக்கு மேல் காகிதங்களோடு குப்பை கொட்டியவன் நான். கொடுக்கிறவர்கள் எதையாவது எடுத்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். மகன்கள் தகப்பனின் கடன் பத்திரத்தை எடுத்துவிடுவார்கள். மனைவிமார்கள் வேறு சிலவற்றை எடுத்துவிடுவார்கள். இவர் எதை எடுத்தார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

கொடுத்ததோடு அவர் விடவும் இல்லை. நூல் வாங்கக் கோவைக்கு வரும்போதெல்லாம் மேலே ஏறி வந்து, தன் கடிதங்களையே கேட்டு வாங்கி, ஜன்னலோரம் உட்கார்ந்து படிப்பார். படித்துக்கொண்டே இடிச் சிரிப்பு சிரிப்பார். மற்றவர்கள் திரும்பிப் பார்த்தால், "மாரப்பன் அட்டைப்பூச்சியோட அழிச்சாட்டியத்த எழுதியிருக்கறானுங்க, கேளுங்க" என்று வாய்விட்டு வாசிப்பார். அவர் எழுந்து போனதும் நான் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணிப் பார்ப்பேன். ஒருநாள் பாதிப் படி இறங்கியவர் குடையை எடுக்கத் திரும்பி வந்துவிட்டார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். "சரியா இருக்குதுங்களா தம்பி?" என்றார். கொஞ்சமும் கோபமில்லை. பிறகு குடையை உதறிக்கொண்டே, "எழுதுனவனெ நம்பலாமுங்க. எடுத்து வெச்சவனெத்தான் நம்பக்கூடாது. நீங்க எண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்டதும் சந்தேகம் இன்னும் அதிகமாகிவிட்டது.

கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கியபோதுதான் அந்த இடம் கண்ணில் பட்டது. மாரப்பனின் மனைவி சரசு, அடைமழை மாதம் ஒன்றில் காய்ச்சல் கண்டு இறந்துபோனவர். அதற்கு முந்தைய கடிதத்தில் மாரப்பன் இப்படி எழுதியிருந்தார்: "நாவல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுகிறது. நாற்காலியை விட்டு எழ மனமில்லை. சரசுவுக்குக் காய்ச்சல். மழை விடவில்லை." அடுத்து இருந்த கடிதம் பல வாரங்கள் கழித்து எழுதியது. அதன் முதல் வரி: "போன கடிதத்தில் எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே." அந்தப் போன கடிதம் எங்கே? கட்டை உதறிப் பார்த்துவிட்டேன், இல்லை. அண்ணன் வந்தபோது கேட்டேன். "ஒன்னு இருந்துச்சுங்க. இப்ப இல்லீங்க" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துகொண்டார். அவர் ஊர்ப்பக்கம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ் உண்டு என்பது எனக்குத் தெரியும்.

இது என் அரிப்பு மட்டும் என்றால் சொறிந்துகொண்டு சும்மா இருந்திருப்பேன். மாரப்பனுக்கு ஒரே மகள், பூங்கொடி. தாய் இறந்தபோது விவரம் தெரியாத குழந்தை. உடுமலைப் பக்கம் தாய்மாமன் வீட்டில் வளர்ந்து, அங்கேயே பள்ளி ஆசிரியையாக இருக்கிறாள். கடிதங்களைப் புத்தகமாகப் போட ஒரு பதிப்பாளர் முன்வந்ததால் அவள் சம்மதம் வேண்டியிருந்தது. வந்தாள். கடிதங்களை வாங்கி, தலை நிமிராமல் படித்தாள். நான் பார்த்த இடத்திலேயே அவளும் நின்றாள். "பொண்டாட்டி சாகக் கெடந்தப்பவும் உங்கப்பன் எழுதிக்கிட்டுத்தான் இருந்தான்னு எங்க மாமா சொல்லுவாருங்க சார். நான் அப்பாகிட்ட அதிகம் பேசுனதில்லைங்க. நேரா ஒருநாளும் கேட்டதும் இல்லைங்க. இப்ப இந்தக் கடுதாசியும் இல்லீங்கறீங்க" என்றாள். அது என்னவென்று தெரியாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கையெழுத்து அவளுக்குப் பெரிய விஷயமில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தகப்பனை வெறுப்பதா வேண்டாமா என்று தெரியாமலேயே பாதி வயதைக் கழித்தவள் அவள். திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்கிற உற்சாகத்தோடு நான்தான் அவளைக் கருமத்தம்பட்டிக்கு அழைத்துப் போனேன்.

தறிக்கூடத்துக்குள் போனதும் நான் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது, மாரப்பனின் மகள் என்று. அண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தறிகளை நிறுத்தச் சொன்னார். வேலை நேரத்தில் அவர் தறியை நிறுத்தி நான் பார்த்ததில்லை.

"மாமா, எங்கம்மா செத்தப்ப அப்பா உங்களுக்கு ஒரு கடுதாசி போட்டாருங்களா?"

"போட்டான் கண்ணு."

"அது எங்கீங்க?"

"கிழிச்சுப்போட்டேன் அம்மணி."

நான் குறுக்கே பாய்ந்தேன். "ஏனுங்கண்ணா கிழிச்சீங்க? அத்தனையும் எடுத்து வெச்சவரு அத மட்டும் ஏன் கிழிச்சீங்க?"

மோர் கொண்டுவந்த அவர் மனைவி பொன்னம்மாள் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதென்னங்க கேள்வி? எழவுக் கடுதாசிய ஆராச்சும் ஊட்டுக்குள்ள வெப்பாங்களா? வாசப்படில நின்னு படிச்சாரு. அங்கயே கிழிச்சுப்போட்டு, தலைக்குத் தண்ணி வாத்துக்கிட்டுத்தான் உள்ள வந்தாரு. உங்கூட்டுல எப்படிங்க?"

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். நானும் இந்தப் பக்கத்து ஆள்தான், காங்கயத்துக்காரன். சாவுச் செய்தி வந்த கடிதத்தைப் படித்த கையோடு கிழித்துப் போடும் வீட்டில்தான் பிறந்து வளர்ந்தேன். மறுநாள் காப்பகத்துக்கு வந்ததும் முழுக் கட்டையும் திரும்பப் படித்தேன். மாரப்பனின் தாயார் ஒரு கடிதத்தில் பல்வலியோடு இருக்கிறார். பிறகு எந்தக் கடிதத்திலும் இல்லை. எஸ்டேட் சிநேகிதர் ஒருவர் சீட்டாடிக்கொண்டிருக்கிறார், அப்புறம் காணோம். அத்தனை வருடக் கடிதங்களில் ஒரு சாவு கிடையாது. எதை ஒளித்தார் என்று தேடித் தேடி, இதை மட்டும் நான் கவனிக்கவே இல்லை. அதற்காக என் சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்றை மறைக்க நினைப்பவனுக்கு ஊர் வழக்கத்தைவிட வசதியான இடம் வேறு ஏது?

அன்று தறிக்கூடத்தில், அக்கா சொன்னதற்குப் பிறகு, பூங்கொடி அடுத்துக் கேட்டாள். "அதுல என்னங்க மாமா எழுதியிருந்துச்சு?" அண்ணன் என்னைப் பார்த்து, "நீங்க செத்த நேரம் வெளிய இருங்க தம்பி" என்றார். தண்ணீர்த் தொட்டியருகே போய் நின்றேன். தறிகள் ஓடவில்லை, கதவும் சும்மா சாத்தியிருந்ததுதான். பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும் அந்தக் குரலில் ஒரு வார்த்தைகூட வெளியே வரவில்லை. இவருக்கு மெதுவாகவும் பேசத் தெரியுமா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. நெடுநேரம் கழித்து அவள் வெளியே வந்து, தொட்டித் தண்ணீரை அள்ளி அள்ளி முகத்தைக் கழுவினாள்.

அவிநாசி சாலையில் பஸ் ஏறிய பிறகு தானாகவே சொன்னாள். "மண்ணு சரிஞ்சு பஸ் நின்னு போச்சாமுங்க சார். எஸ்டேட் டிஸ்பென்சரில பொள்ளாச்சிக்குக் கொண்டு போகச் சொல்லிட்டாங்களாம். அப்பா அம்மாவக் கம்பளியில சுத்தி, தோள்ல போட்டுக்கிட்டு, அந்த மழையில வளைவு வளைவா எறங்குனாராமுங்க. அம்மா, பஸ் சத்தம் கேக்குதா, பஸ் சத்தம் கேக்குதான்னு கேட்டுக்கிட்டே வந்தாங்களாம். அப்பறம் கேக்கறத நிறுத்திட்டாங்களாம்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு அந்தக் கேள்வி ஏற்கெனவே தெரியும். மாரப்பனின் மூன்றாவது நாவலில் ஒருவன் காய்ச்சல்கார மனைவியைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு மலையிறங்குகிறான். அவளும் பஸ் சத்தம் கேட்கிறதா என்றுதான் கேட்கிறாள். சொல்லுக்குச் சொல் அதேதான். பூங்கொடி தகப்பனின் நாவல் எதையும் அதுவரை தொட்டதில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

நடந்ததை மாரப்பன் நண்பருக்கு எழுதி, பிறகு நாவலில் வைத்தாரா? அல்லது நாவலில் படித்ததை நாச்சிமுத்து அண்ணன் எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டாரா? கிழித்த கடிதத்தில், மனைவி சாகக் கிடந்தபோதும் நாற்காலியை விட்டு எழாமல் எழுதிக்கொண்டே இருந்த ஒருவனின் ஒப்புதல் வாக்குமூலம் இருந்திருந்தால்? "மனதில் வைத்துக்கொள்ளாதே" என்று அவர் கேட்டுக்கொண்டது எதை? அடுத்த முறை அண்ணன் வந்தபோது நாவலைப் பற்றிக் கேட்டேவிட்டேன். "அப்படீங்களா, நாவல்லயும் எழுதியிருக்கறானுங்களா? எனக்கெங்கீங்க தெரியும்! கடுதாசியில எல்லாத்தையும் எழுதிப்போட்டான். அப்பறம் காசு குடுத்து வேற வாங்கிப் படிக்கோணுமுங்களா?" என்று மாடியே அதிரச் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றுவரை நான் நம்பவில்லை.

பூங்கொடி கையெழுத்துப் போட்டாள், புத்தகம் வந்தது. பிறகு ஒருநாள் தொலைபேசியில் அழைத்தாள். "சார், அப்பாவோட மூணாவது நாவலப் படிச்சேனுங்க. நாச்சிமுத்து மாமா சொன்னது அப்படியே இருக்குதுங்க! அப்பா கடைசிவரைக்கும் மறக்கவே இல்லைங்க பாருங்க" என்றாள். எனக்குச் சந்தேகம் தந்த அதே பக்கம் அவளுக்குச் சாட்சியாகிவிட்டது. ஆமாங்க அம்மணி என்றேன். அன்று அதைத்தான் சொல்ல முடிந்தது. இப்போது கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

கருமாதிக்குப் போயிருந்தேன். பூங்கொடியும் வந்து பெண்கள் பக்கம் உட்கார்ந்து, பெற்ற தகப்பனுக்கு அழுகிற மாதிரி அழுதாள். கூட்டம் கலைந்த பிறகு பொன்னம்மாள் அக்காவிடம் சொல்லிக்கொள்ள உள்ளறைக்குப் போனேன். அங்கே ஒரு கண்ணாடி அலமாரி. மாரப்பன் நாவல்கள் வரிசையாக நின்றன. மூன்றாவது நாவலின் முதுகு மட்டும் மற்றவற்றைவிட நைந்திருப்பதுபோல் பட்டது. அறையில் வெளிச்சம் போதவில்லை. எடுத்துப் புரட்டினால் படித்த புத்தகமா படிக்காத புத்தகமா என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவேன், என் தொழிலே அதுதான். சாவி கதவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. "எடுத்துப் பாருங்க தம்பி, அவரு ஒன்னும் சொல்ல மாட்டாரு" என்றார் அக்கா. கை நீண்டது. "வேண்டாமுங்க அக்கா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இன்று ரங்கசாமி மறுபடியும் கேட்டார், அந்தக் கறுப்புக் கரை அட்டையை என்ன செய்வது என்று. விதிப்படி அது மாரப்பன் கடிதக் கட்டின் கடைசித் தாளாகச் சேர வேண்டியது. கடிதம் பெற்றவரின் மறைவுக்கு அதுதான் ஆவணம். பதிவேட்டில் ஏற்றி, சீல் குத்தி, உறையில் போட்டு வைக்க வேண்டும். நான் அதை எடுத்துக்கொண்டு படியிறங்கி, வாசலுக்கு வெளியே நின்று, இன்னொரு முறை படித்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். ரங்கசாமி தன்பாட்டுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நாச்சிமுத்து அண்ணனிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது ஒரு சந்தேகம். அதை நான் தீர்த்துக்கொள்ளப் போவதில்லை. நாளைக்கு என் நாற்காலிக்கு வருகிறவர் கட்டைப் பிரித்து எண்ணிப் பார்ப்பார். விதிப்படி கடைசியில் இருக்க வேண்டிய தாள் இல்லையே, இதை எடுத்தவன் எவன், எதை மறைக்க எடுத்தான் என்று என்மேல் சந்தேகப்படுவார். படட்டும். அந்தக் கட்டுக்குள் இன்னும் யாரும் சாகவில்லை.