தூக்கிய கை

என் மகள் கல்யாணப் பந்தியில் ரசத்துக்காக ஒரு கை உயர்ந்தது. அரிவாள் பட்டுச் சுண்டுவிரல் நுனி போன கை. சித்தப்பா. நானே பத்திரிகை வைத்து அழைத்திருந்தேன்.

எனக்குப் பத்து வயதில் அதே கை, குடவாசல் பக்கம் எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் உயர்ந்தது. அம்மா சமையல் வேலைக்குக் குவைத் போன மாதம் அது. பொம்பளையை வெளிநாட்டுக்கு அனுப்பிய குடும்பம் என்று எங்களைத் தள்ளிவைக்க ஊர் கூடியது. மண்டபம் முழுக்க வௌவால் நாற்றம்.

"சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க" என்றார் நாட்டாமை.

சித்தப்பா இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், தூக்கினார்.

வெளியே வந்து அப்பாவிடம் சொன்னார்: "எல்லாரும் தூக்கறப்ப நான் மட்டும் எப்படிண்ணே சும்மா இருக்க முடியும்?"

அந்த வருடம் எங்கள் நடவுக்கு ஓர் ஆள்கூட வரவில்லை. நாற்றங்காலிலேயே நாற்று முற்றிப் பழுத்தது. அப்பாவும் நானும் நட்டது போக, பாதி வயல் தரிசாகக் கிடந்தது. சில வருடங்களில், கை தூக்கிய வீட்டுப் பெண்களே குவைத்துக்கு விமானம் ஏறினார்கள். அவர்களை யாரும் தள்ளிவைக்கவில்லை.

ரச வாளியோடு வந்தவரிடம் மெதுவாகச் சொன்னேன்: "அந்த இலைக்கு வேண்டாம்."

அவர் தாண்டிப் போனார். அதைப் பார்த்துப் பாயசக்காரர் தாண்டினார், மோர்க்காரர் தாண்டினார். ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை.

சித்தப்பா இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். இரண்டு பக்கமும் எங்கள் ஊர்க்காரர்கள்தான். தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் சாப்பிடும்போது அவர்கள் மட்டும் எப்படிச் சும்மா இருக்க முடியும்?