உலகம்மை கேட்க வந்த கேள்வி

மேலகரத்து உலகம்மையைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. அவள் கையால் அறை வாங்கியவன் நான். அவள் கட்டிக்கொள்ள நினைத்தவனின் முழங்காலை உடைத்ததும் என் கால்தான்.

நான் வாசுதேவநல்லூர் சுந்தரபாண்டியன். அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ச் சடுகுடு அணியில் மூச்சு விடாமல் பாடிக்கொண்டு எதிரணிக் களத்துக்குள் போகிறவன். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிற மேலகரத்து அணி என்றால் எங்களுக்குப் பயம். காரணம் இரண்டு பேர். ஒருவன் உலகம்மையின் அண்ணன் சங்கரபாண்டி, இன்னொருவன் அவனுடைய உயிர்ச் சேக்காளி செல்லப்பா. இருவரும் கை கோர்த்து மூலையில் நிற்பார்கள். செல்லப்பா கணுக்காலில் விழுவான். சங்கரபாண்டி அவன் கையை விடாமல் இழுத்து வளைத்து நம் மேல் வந்து விழுவான். விழுகிறவனுக்கு மற்றவன் கைதான் உயிர். அது விட்டுப்போனால் வருகிற மிதி முழுக்க அவனுக்குத்தான்.

உலகம்மை பீடி சுற்றுகிறவள். தாய் தகப்பன் இல்லை, அண்ணன் வளர்ப்பு. அந்த வீட்டிலேயே சாப்பிட்டு வளர்ந்த செல்லப்பாவுக்கும் அவளுக்கும் மூன்று வருஷமாகப் பழக்கம். அண்ணனிடம் சொல்ல இருவருக்கும் தைரியம் இல்லை. காளை மாதிரி உடம்பு இருந்து என்ன பிரயோசனம்?

அறுபத்தொன்றாம் வருஷம் ஆடி மாதம், குற்றாலத்தில் கோப்பை ஆட்டம். காலையில் செல்லப்பாவின் டவுசர் கிழிந்திருக்க, உலகம்மை தைத்துக் கொடுத்தாள். அங்கேதான் புத்தி கெட்டுப்போனாள். கையில் இருந்த பீடி கட்டும் ரோஸ் நூலாலேயே தைத்து, பீடிக்குப் போடும் முடிச்சையே போட்டுவிட்டாள். களத்தில் குனிந்து நின்ற சேக்காளியின் தொடையில் சங்கரபாண்டி அதைப் பார்த்தான். தங்கை முடிச்சு அண்ணனுக்குத் தெரியாதா?

கடைசிப் பாட்டுக்கு நான் போனேன். சாரல் தூறிக்கொண்டிருந்தது. செல்லப்பா என் கணுக்காலில் விழுந்தான். அந்த நொடியில் இருவரின் கைச் சங்கிலி இறுகியிருக்க வேண்டும். இறுகவில்லை. சங்கரபாண்டியின் ஐந்து விரலும் அகல விரிந்ததை என் கண்ணால் பார்த்தேன். செல்லப்பாவின் உடம்பு சுழன்றது. என் மற்றக் கால் அவன் முழங்காலில் முழுப் பாரத்தோடு இறங்கியது. முருங்கைக் கொம்பு முறிகிற சத்தம் கேட்டது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. நான் அவனைத் தாண்டி வந்து நடுக்கோட்டைத் தொட்டேன். நாங்கள் ஜெயித்தோம்.

"வேணும்னே மிதிச்சிட்டான்லே!" என்று முதலில் கத்தியது சங்கரபாண்டிதான். பந்தல் கம்பைப் பிடுங்கி என் வாயில் அடித்தான். இரண்டு பல் போயிற்று. இரண்டு ஊரும் மோதி, ஏழெட்டு மண்டை உடைந்தது. நான் பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என் ஜெயிப்பு ஜெயிப்பாக இருக்குமா? வெட்கம் கெட்ட கழுதை நான்.

ஐப்பசியில் ஒருநாள் மத்தியானம், வயலில் நின்றவனைத் தேடி உலகம்மை வந்தாள். பஸ் ஏறித் தனியாக வந்திருந்தாள்.

"நீருதான சுந்தரபாண்டியன்?"

"ஆமா."

"எங்க அண்ணன் என்னை ராயகிரில ஒருத்தனுக்குப் பேசி முடிச்சிட்டான். நொண்டிக்குத் தங்கச்சியக் குடுக்க முடியாதுங்கான். அவரும், அண்ணன் சொல்லத மீறாதேங்கார். கை வழுக்கிட்டாம். ரெண்டு பேரும் ஒண்ணு போலச் சொல்லுதாவ. வழுக்கினா நகம் கீறியிருக்கும்லா? அவர் கையில ஒரு கீறல் கிடையாது. நீரு சொல்லும். வழுக்கிச்சா, விட்டானா?"

"விட்டான்" என்றேன்.

பளாரென்று விழுந்தது அறை. காது இரைந்தது.

"இத்தன நாளும் வாயில என்னவே கொழுக்கட்டையா வச்சிருந்தீரு? வாரும், அவர் முன்னால சொல்லும்."

போனேன். செல்லப்பா வீட்டில் சங்கரபாண்டி உட்கார்ந்து, கோணலாகக் கூடியிருந்த அந்த முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். தினமும் தேய்ப்பானாம். நான் வாசலில் நின்றே சொல்லிவிட்டேன். அவன் எண்ணெய்க் கையோடு பாய்ந்து என் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான். கண் இருண்டது. உலகம்மை மடியிலிருந்த பீடிக் கத்தரியை எடுத்து அண்ணனின் புறங்கையில் குத்தினாள். விட்ட கையிலேயே குத்தினாள்.

"விடு அண்ணே. விடத் தெரியும்லா உனக்கு!"

சங்கரபாண்டி ரத்தம் சொட்டத் தரையில் உட்கார்ந்துவிட்டான். "ஆமா, விட்டேன். என் சோத்தத் தின்னுட்டு எனக்கே ஒளிச்சுட்டானேன்னு விட்டேன். கால் போவும்னு நெனைக்கலட்டி" என்றான்.

செல்லப்பா கட்டிலில் சாய்ந்தபடி சொன்னான். "எனக்குத் தெரியும்லே. உன் கை விட்டதா வழுக்குனதான்னு எனக்குத் தெரியாதா? நானும் உனக்கு ஒளிச்சவன்தான. வாங்க வேண்டியதுதான்னு இருந்துட்டேன்."

உலகம்மை அவனைத் திரும்பிப் பார்த்தாள். என் மூன்றாவது பல்லுக்கு நான் பயந்தேன், ஆனால் அறை அவனுக்கு விழுந்தது.

"எல்லாம் தெரிஞ்சும் என்னை ராயகிரிக்கு அனுப்பப் பாத்தீரு! நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிடுவியோ, தடவிக்கிடுவியோ. இடையில நான் என்ன, ஒங்க ஆட்டத்துக் கோப்பையா?"

 அவள் சேலைத் தலைப்பைக் கிழித்து அண்ணன் கைக்குக் கட்டுப் போட்டாள். போட்டுக்கொண்டே அழுதாள். சம்பந்தம் வேண்டாமென்று சொல்ல ராயகிரிக்கு அன்றே ஆள் போயிற்று.

அடுத்த வாரமே கல்யாணம். தகப்பன் இல்லாத பெண், அண்ணன்தான் கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். சங்கரபாண்டி தங்கையின் கையைச் செல்லப்பாவின் கையில் வைத்து, மேலே தன் கட்டுப் போட்ட கையை வைத்துப் பிடித்தான். பிடித்தவன் விடவில்லை. மேளம் அடித்து ஓய்ந்தது. காயம் பிளந்து மூன்று பேர் கையிலும் ரத்தம் இறங்கியது.

"போதும், விடுலே" என்றான் செல்லப்பா.

"மாட்டேம்லே" என்று சங்கரபாண்டி குலுங்கிக் குலுங்கி அழுதான். பந்தலே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் உலகம்மைதான் அண்ணனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.