நான் வெட்டிய பதினோரு வினாடி

1. கேட்டு வந்தவள்

மரிய செல்வி எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்தபோது அவள் கணவர் சேவியர் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் ஒரு ஞானப்பாட்டுக்குக் கீபோர்டு புரோகிராமிங் செய்துகொண்டிருந்தேன்.

"யக்கா, அவுக கொரலு ஒங்ககிட்ட இருக்குன்னு எந் தம்பி அருளு சொன்னான். ஒரே ஒரு தடவ கேட்டுட்டுப் போயிருதேன்."

சேவியர் கடலில் மூழ்கிச் சங்கு குளிப்பவர். நெஞ்சுவலியில் வீட்டிலேயே போய்விட்டார். வீடியோ என்றால் எழுந்து போய்விடுவார், வாய்ஸ் மெசேஜும் அனுப்பமாட்டார். அவர் குரல் பதிவானது ஒரே ஒரு முறை, என் ரெக்கார்டரில்தான். அதையும் நான் அழித்திருந்தேன்.

"தேடிப் பார்க்கேன் செல்வி" என்றேன். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

2. அழித்த கதை

நான் நாசரேத்துக்காரி. இருபத்தாறு வருடம் தூத்துக்குடியில் கிறிஸ்தவப் பாடல்களுக்குக் கீபோர்டு வாசித்தேன். அதே வயலின் டோன், அதே புல்லாங்குழல் டோன். எனக்கே சலித்துப்போன சமயத்தில், ஒரு சத்தத்தைப் பொடிப்பொடியாக உடைத்து இழுத்து நீட்டும் கிரானுலர் சாஃப்ட்வேர் ஒன்று இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. அதை வைத்து இசை செய்பவர்கள் உலகமெங்கும் இருந்தார்கள். தாங்கள் பதிவு செய்த சத்தங்களை ஒரு தளத்தில் ஏற்றுவார்கள். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் உட்கார்ந்து கேட்பேன்.

"யம்மா, மிக்சி ஓடுத சத்தத்துக்கு எதுக்கு ஹெட்போன்?" என்பார் ஸ்டூடியோ முதலாளி அண்ணாச்சி.

நானும் ஒரு சத்தம் ஏற்ற ஆசைப்பட்டேன். சங்கு குளிக்கப் போகும் வள்ளத்தில், அதாவது படகில், ஒரு கம்ப்ரஸர் ஓடும். அதிலிருந்துதான் ஹோஸ் வழியாகக் கீழே இருப்பவருக்குக் காற்று போகும். சத்தம் மாறினால் மேலே நிற்பவர் கயிற்றை இழுக்க வேண்டும். சேவியரின் வள்ளத்தில் அப்படி மேலே நிற்பவன் செல்வியின் தம்பி அருள். எங்களுக்கு டிரம்ஸ் வாசிக்க வருவான். அவனிடம் ரெக்கார்டரைக் கொடுத்தனுப்பினேன்.

வந்த ஃபைலை முழுதாகக் கேட்காமல், நடுவில் கொஞ்சம் மட்டும் கேட்டுவிட்டு ஏற்றிவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் தொடக்கத்தில் சேவியரின் பேச்சு பதினோரு வினாடி இருப்பதைக் கவனித்தேன். எங்கள் தொழிலில் இருமல், நாற்காலிச் சத்தம், போதகரின் செருமல் எல்லாம் வெட்டத்தான். கை பழகிவிட்டது. பேச்சை வெட்டி, காற்றின் இரைச்சலை நாய்ஸ் ரிடக்‌ஷனில் எடுத்து, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றினேன். மெமரி கார்டையும் அடுத்த வேலைக்கு அழித்தேன்.

3. தேடல்

அந்த இரண்டு நாளுக்குள் யாரோ ஒருவர் 'உங்கள் கம்ப்ரஸரை என் இசையில் சேர்த்திருக்கிறேன்' என்று எழுதியிருந்தார். அன்று நான் அதைப் போட்டுக் கேட்கவில்லை. இப்போது அந்த லிங்க் திறக்கவில்லை, அவருடைய கணக்கும் இல்லை. ஆகவே அந்த மாதிரி இசையாகத் தேடித்தேடிக் கேட்டேன். ஒன்பது நாள். ரசிப்பதற்குக் கேட்கவில்லை. குற்றவாளி போலக் கேட்டேன்.

சேவியரின் கம்ப்ரஸருக்கு ஒரு கோளாறு உண்டு. ஏழு துடிப்புக்கு ஒரு முறை விக்கும். ஒன்பதாம் நாள், இருபது நிமிட இசை ஒன்றின் நடுவில் அந்த விக்கல் கேட்டது. அதற்கு அடியில் ஒரு மனிதக் குரல், சொல் எதுவும் புரியாதபடி நீண்டு கிடந்தது. அழுதுவிட்டேன்.

அந்த இசையைப் போட்டவர் அன்று எழுதிய அதே ஆளா, வேறு ஆளா தெரியவில்லை. அவருக்கு விவரம் எழுதினேன். மூன்றாம் நாள், நான் முதலில் ஏற்றிய வெட்டாத ஃபைல் அவரிடமிருந்து வந்தது. கூடவே ஒரு வரி: 'கம்ப்ரஸருக்காக அல்ல, இந்தக் குரலுக்காகத்தான் எடுத்தேன்.'

என் கண்முன் நடமாடிய மனிதரின் குரல் எனக்கு அழுக்காகப் பட்டிருக்கிறது. முகம் தெரியாத ஒருவருக்கு அதுதான் இசையாகப் பட்டிருக்கிறது. வெட்கமாக இருந்தது.

4. செல்வி கேட்டது

செல்விக்கு ஹெட்போன் மாட்டிவிட்டு நான் ஸ்பீக்கரில் கேட்டேன்.

"ஏலே அருளு, ஸ்டூடியோ அக்கா மிஷினு நனையாமப் பாத்துக்க. சத்தம் மாறுனா கயித்த இழு. அம்புட்டுதான். வாரேன்."

கம்ப்ரஸர் இரைச்சலுக்கு மேலே கத்திச் சொல்லியிருந்தார். செல்வி நான்கு முறை போடச் சொன்னாள். குரல் தெளியட்டும் என்று என் கை தானாக நாய்ஸ் ரிடக்‌ஷனுக்குப் போனது.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எரச்சல எடுத்துராதிய யக்கா. இந்தச் சத்தத்துக்கு மேல பேசிப் பேசித்தான் வீட்லயும் கத்திப் பேசுவாக. மெதுவாப் பேசுங்கன்னு கலியாணமான நாள்லருந்து சண்ட போட்டுருக்கேன்."

வேலை கற்க வருபவர்களிடம் இப்போது நான் ஒன்றைத்தான் முதலில் சொல்கிறேன். வெட்டுவதற்கு முன் முழுதாகக் கேளுங்கள், வெட்டியதையும் வைத்திருங்கள். செல்வியின் போனில் அந்தப் பதினோரு வினாடியை நான் இரைச்சலோடுதான் ஏற்றிக் கொடுத்தேன்.