சிரிக்கத் தெரியாத திரை

அந்த முடிதிருத்தும் கடைக்காரரைத் தெருவில் எல்லோரும் ரேடியோ என்றே கூப்பிட்டார்கள். ஆளை நாற்காலியில் உட்காரவைத்துத் துணியைப் போர்த்தியதும் பேச்சு தொடங்கும். கழுத்தில் பவுடர் போடும்வரை ஓயாது. வீறிட்டு அழும் குழந்தைகூட அவர் கதையில் மயங்கித் தலையைக் கொடுத்துவிடும்.

நாளெல்லாம் கையைத் தூக்கியே வேலை செய்ததில் தோள்பட்டை கெட்டு, அறுவை சிகிச்சை வரை போனது. வலிக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை, மனதில் கிடந்த மற்ற பாரங்களையும் சேர்த்து இறக்கிவைத்தது. காயம் ஆறிய பிறகும் அவர் அதை விடவில்லை. பழைய மருந்துச் சீட்டைக் காட்டி, ஒவ்வொரு முறையும் வேறு மருந்துக்கடையில் வாங்கினார். மனைவியிடம் மூச்சு விடவில்லை.

ஒருநாள் மதியம் வேலைக்கு நடுவே மாத்திரை மயக்கத்தில் கண் சொருகியது. கத்தரி நழுவித் தபால்காரரின் காதைக் கீறிவிட்டது. "சின்ன காயந்தான், விடுப்பா" என்றார் அவர். ரேடியோவுக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் சுகாதார நிலையத்துக்குப் போனார்.

அங்கே இப்படிப்பட்ட பழக்கங்களை விட உதவும் ஆலோசகர் ஓர் இளம்பெண். "எப்பெப்ப மாத்திர போடுவீங்கண்ணா?" என்று அன்பாகத்தான் கேட்டார். எதிரே ஒரு முகத்தைப் பார்த்துவிட்டால் அதைச் சிரிக்கவைக்காமல் ரேடியோவால் இருக்க முடியாது.

"எப்பவாச்சும் ஒண்ணு, மேடம். நான் பேசுற பேச்சுக்கு வலியே எந்திரிச்சு ஓடிடும்!"

ஆலோசகர் விழுந்து விழுந்து சிரித்தார். பொழுது கலகலப்பாகப் போனது. ரேடியோ துண்டுப் பிரசுரத்தோடு வெளியே வந்தார். வாசலிலேயே ஒரு மாத்திரையை விழுங்கினார்.

அடுத்த மாதம் போனபோது ஆலோசகர் விடுப்பு. "கம்ப்யூட்டர்லயே பண்ணிடலாம், அதே கேள்விதான்" என்று செவிலியர் அவரைச் சிறிய அறையில் உட்காரவைத்து, ஹெட்ஃபோனை மாட்டிவிட்டுப் போனார். ஒரு பெண் குரல் கேள்வி கேட்கும். பதிலைத் திரையில் தொட வேண்டும்.

"குரல் நல்லாருக்கே, பாட்டு வருமாம்மா?" என்றார். குரல் பதிலுக்காகக் காத்திருந்தது. மாத்திரை எப்போதெல்லாம் என்ற கேள்விக்கு 'எப்போதாவது' என்பதைத் தொட்டார். சிரிக்க ஆளில்லை, முகம் சுளிக்கவும் ஆளில்லை. சற்று யோசித்தவர், பின்னுக்குப் போய் 'தினமும் பலமுறை' என்று மாற்றினார்.

மாத்திரையில் உங்களுக்குப் பிடித்தது என்ன என்று அது கேட்டது. அதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. பிடிக்காதது என்ன என்றபோது, 'வீட்டில் மறைப்பது' என்பதை அழுத்தித் தொட்டார். விடவேண்டும் என்ற எண்ணம் பத்துக்கு எவ்வளவு? மூன்றைத் தொட்டார்.

"ஒன்று என்று சொல்லாமல் மூன்று என்றீர்களே, ஏன்?"

இதற்கு விடைகள் எதுவும் திரையில் இல்லை, எழுதிக்கொள்ள வெற்றுக் கட்டம் மட்டும் இருந்தது. ரேடியோவுக்கு அழுகைதான் வந்தது. "தொடர விரும்புகிறீர்களா?" என்றது குரல். கொஞ்சம் பொறுத்து, அதே இதமான தொனியில் மறுபடியும் கேட்டது. அழுகிறவரை என்ன செய்வதென்று அதற்குத் தெரியவில்லை.

நேரே வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"இத்தன நாள் எங்கிட்ட சொல்லாதத ஒரு பொட்டிகிட்டயா சொன்னீங்க?"

"அது குறுக்க பேசலயே."

அவளுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்தே வந்தன. சிரிப்பு போய்விட்டது, கோபம் சில நாள் இருந்தது. பிறகு அவளே அவரை அழைத்துக்கொண்டு ஆலோசகரிடம் வந்தாள்.

இம்முறை ரேடியோ வேடிக்கை பேசாமல் உள்ளதை உள்ளபடி சொன்னார். கேட்டு முடித்த ஆலோசகர், "அன்னிக்கு நீங்க சிரிக்க வெச்சீங்க, நானும் சிரிச்சுட்டே விட்டுட்டேன். தப்பு எம்மேலயும் இருக்குண்ணா" என்றார்.

"இவர்கிட்ட ஏமாறாதவங்க யாரும்மா?" என்றாள் மனைவி.

சட்டென்று நிறுத்தக் கூடாது என்று மருத்துவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். உடம்பு முறுக்கியது, தூக்கம் போனது. ஒரு மாலை கால்கள் தாமாகவே மருந்துக்கடைக்கு இழுத்துப் போயின. வாசலில் நின்று ஆலோசகருக்குப் போன் செய்தார். "பேசிட்டே வீட்டுப் பக்கம் நடங்கண்ணா, நான் லைன்லயே இருக்கேன்" என்றார் அவர். ரேடியோ வீடு சேரும்வரை அவர் போனை வைக்கவில்லை.

மாத்திரை இப்போது இல்லை. தோள்வலி இருக்கிறது. மதியம் கடையைச் சாத்திவிட்டு, மனைவி வைத்துத் தரும் வெந்நீரில் ஒத்தடம் கொடுத்துக்கொள்கிறார்.